யாருமில்லாத கடையில் பத்தொன்பது ரூபாய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தபோது நடந்தது இது. திருப்பூரில் ராயபுரத்தை ஒட்டிய ஒரு சந்தில் நான் டீக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு நேர் எதிரே மூன்று தளத்தில் ஒரு பனியன் கம்பெனி. கீழே கட்டிங், முதல் மாடியில் தையல், இரண்டாவது மாடியில் செக்கிங்கும் பேக்கிங்கும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் வந்து குடித்தால்தான் எனக்கு வியாபாரம். சொந்த ஊர் குண்டடம் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து, பத்து வருடமாக இந்தக் கடை. வீட்டுக்காரர் விடிவதற்குள் மார்க்கெட்டுக்கு லோடு இறக்கப் போய்விடுவார். கடை முழுக்க என் ராஜ்யம்தான்.

அந்த ராஜ்யத்துக்குள் என் மகள் ஒரு பேசும் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அப்போது காலேஜில் காமர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள், அதனால் கடையை முன்னேற்றும் பொறுப்பு தன்னுடையது என்று அவளுக்கு நினைப்பு. சுவரில் ஒரு ஸ்கேன் அட்டை, பக்கத்தில் டப்பா மாதிரி ஒரு பெட்டி. யாராவது போனில் பணம் அனுப்பினால், "பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று ஒரு பெண் குரல் சந்து முனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தும். எனக்கு அது ஆகவே ஆகாது. பணம் என்றால் கைக்கு வர வேண்டும், கல்லாவில் விழ வேண்டும். கண்ணில் படாத காசை வாங்கி நான் என்ன செய்வது?

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பதில் எனக்கு லாபம் இருந்தது. ஒரு ரூபாய் பாக்கி என்றால் ஒரு மிட்டாய், இரண்டு ரூபாய் என்றால் இரண்டு. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். இந்த இளவட்டங்கள்தான் கேட்க ஆரம்பித்தார்கள்.

அதிலும் ஒரு பெண் இருந்தாள். செக்கிங்கில் வேலை, இருபத்தோரு வயது இருக்கும். தெற்கே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. டீ குடிக்க மாட்டாள். தினமும் சாயங்காலம் ஒரு சுக்குக் காப்பி, இரண்டு தேன்மிட்டாய். காப்பி பதினைந்து, தேன்மிட்டாய் நான்கு, ஆக பத்தொன்பது. இருபது ரூபாய் நோட்டைக் கொடுத்தால் நான் ஒரு மிட்டாயை நீட்டுவேன். ஒரு நாள் அதை என் மேஜை மேலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

"எக்கா, நான் கேட்டது ரெண்டு தேன்முட்டாய். மூணாவது முட்டாயை நீங்க ஏன் எனக்கு விக்குதீங்க? மாசம் முழுக்க இப்படியே தந்தா, என் காசுல எனக்கே சுகர் வந்துரும்லா."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் பெட்டி வந்த அன்றைக்கு முதல் ஆளாக வந்து, அட்டையில் போனைக் காட்டி, "பத்தொன்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்தியதும் கை தட்டியவளும் அவள்தான். அதிலிருந்து என் மிட்டாய் பாட்டில் குறையவே இல்லை.

ஏன் இந்தப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் போனையே நீட்டுகிறார்கள் என்று வாய் விட்டுக் கேட்டிருக்கிறேன். ஒரு டெய்லர் பையன் சொன்னான், சனிக்கிழமை சம்பளம் கையில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனதென்று தெரிவதில்லையாம். போனில் இருந்தால் எங்கே தொலைத்தோம் என்றாவது தெரியுமாம். இந்தப் பெண் சொன்ன காரணம் வேறு. "கையில ரூவா இருந்தா ரூம்ல யாராச்சும் கடன் கேப்பாங்கக்கா. போன்ல இருந்தா யாருக்கும் தெரியாது. என் காசு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டால் மகள் முன்னால் என் கெத்து என்ன ஆவது?

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். திருப்பூரில் தீபாவளி போனஸ் போடும் நாளைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். காலையில் ஊரே நெரியும். மத்தியானம் போனஸ் கைக்கு வந்ததும் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார்கள். இரண்டு மணிக்குச் சந்தில் நாய்கூட இருக்காது. அதற்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் கம்பெனி பூட்டுத்தான். பட்டாசு நேரத்தில் துணி இருக்கும் இடத்தில் ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று எதிர்க் கம்பெனியில் கரண்ட் மெயின் சுவிட்சை இறக்கி, எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். வாசலில் ஒரு வாட்ச்மேன் மட்டும் இருப்பார்.

அன்று காலையில் டீ நேரத்தில் அந்தப் பெண் வந்திருந்தாள். புதுச் சுடிதார். முகமெல்லாம் சிரிப்பு. "எங்களுக்குத் தீபாவளி கிடையாதுக்கா, ஆனா போனசும் லீவும் உண்டுல்லா" என்றாள். மூன்று மணி பஸ்ஸாம். போவதற்கு முன் ரெண்டு மணிக்கு வந்து சுக்குக் காப்பி குடித்துவிட்டு, தம்பிக்கு ஒரு பாக்கெட் தேன்மிட்டாயும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ரெண்டு மணி ஆகியும் வரவில்லை. சுக்குக் காப்பி அடுப்பில் சுண்டிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகிற அவசரத்தில் மறந்திருப்பாள், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. நானும் மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மகளோடு ஜவுளிக்கடைக்குப் போவதாக இருந்தேன். மகள் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள். பாத்திரங்களை எடுத்துக் கழுவப் போட்டேன்.

அப்போதுதான் பெட்டி பேசியது. "ஒரு ரூபாய் பெறப்பட்டது."

எட்டிப் பார்த்தேன். கடையில் யாரும் இல்லை. அட்டைக்கு முன்னால் யாரும் இல்லை. ரோட்டில் யாரும் இல்லை.

"ஒரு ரூபாய் பெறப்பட்டது. ஒரு ரூபாய் பெறப்பட்டது."

எனக்கு யார் வேலை என்று உடனே தெரிந்துவிட்டது. அதாவது தெரிந்துவிட்டதாக நினைத்தேன். முந்தின வாரம்தான் அந்தக் கம்பெனி டெய்லர் பையன்கள் நாலு பேர், நான் மிட்டாய் கொடுத்துச் சம்பாதித்ததற்குப் பழி வாங்குகிறோம் என்று சொல்லி, எதிர்த் திண்டில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கு ஒரு ரூபாயாக அனுப்பி விளையாடினார்கள். நான் ஒவ்வொரு தடவையும் கரண்டியோடு வெளியே வருவேன், அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போது பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டும் அதையே செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ஊருக்குப் போயும் கொழுப்பு அடங்கலையாடா உங்களுக்கு?" என்று காலி ரோட்டைப் பார்த்துக் கத்தினேன். பெட்டி விடவில்லை. ஒரு ரூபாய், மறுபடியும் ஒரு ரூபாய். ஈரக் கையோடு போய் அதன் பின்னால் இருந்த பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். சந்து கப்சிப்பென்று ஆனது. அப்பாடா என்று மறுபடி பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இருக்கும். கால் மணி நேரம்கூட இருக்கலாம்.

பிறகு ஒரு பையன் வந்தான். பீகார் பக்கத்துக்காரன், வேறொரு கம்பெனியில் அயர்னிங் வேலை. ரயிலில் இடம் கிடைக்காததால் ஊருக்குப் போகாமல் சந்துக் கடைசி ரூமில் தனியாக இருந்தான். இருந்த டீயைச் சுட வைத்துக் கொடுத்து, ஒரு பன்னும் கொடுத்தேன். போனை அட்டையில் காட்டப் போனவன் நிறுத்தி, "அக்கா, பெட்டி ஆஃப்ல இருக்கு" என்றான்.

"இருந்தா இருந்துட்டுப் போவுது. நீ அனுப்பு கண்ணு."

"நோ அக்கா. பெட்டி பேசணும். பேசினா தான் உனக்குக் காசு வந்துச்சு, எனக்கும் நிம்மதி."

அவனுக்கு ஒரு தடவை எங்கோ பணம் போய்ச் சேரவில்லை என்று கடைக்காரர் சத்தம் போட்டிருக்கிறாராம். அதிலிருந்து அந்தக் குரலைக் கேட்காமல் கடையை விட்டு நகர மாட்டான். நான் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பட்டனை அழுத்தினேன். அவன் அனுப்பினான். "இருபத்திரண்டு ரூபாய் பெறப்பட்டது." திருப்தியாகத் தலையை ஆட்டினான். நான் மறுபடியும் அணைக்கக் கையை நீட்டினேன்.

"பத்தொன்பது ரூபாய் பெறப்பட்டது."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். "நான் இல்லை அக்கா" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. என் கடையில் டீ பன்னிரண்டு, வடை பத்து. எப்படிக் கூட்டினாலும் பத்தொன்பது வராது. பத்தொன்பது ரூபாய்க்கு என் கடையில் ஒரே ஒரு ஆள்தான். சுக்குக் காப்பியும் குடிக்காமல், தேன்மிட்டாயும் வாங்காமல், அவள் ஏன் பத்தொன்பது ரூபாய் அனுப்புகிறாள்? நான் யோசித்து முடிப்பதற்குள் பெட்டி மறுபடியும் சொன்னது. "பத்தொன்பது ரூபாய் பெறப்பட்டது."

என்னவோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. என் போனில் மகள் அந்தக் கடைக் கணக்கைப் போட்டு வைத்திருந்தாள். நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. எல்லாம் இங்கிலீஷ், நமக்கு அதில் பெயர்கூட எழுத வராது. போனை அந்தப் பையனிடம் கொடுத்து, "இது யார் அனுப்பினதுன்னு பாரு சாமி" என்றேன்.

அவன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரே பெயர். ஒரு ரூபாய் பதினொரு தடவை. பத்தொன்பது ரூபாய் மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஏதோ எழுதியிருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். அவனுக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. எனக்கு அர்த்தம் தெரியும், எழுத்து தெரியாது. அவன் குழந்தை பாடம் படிப்பது போல் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"லிப்ட்... லா... இருக்கேன்... அக்கா. கரண்ட்... போச்சு. சார்ஜ்... இல்லா. யாரும்... இல்லா. வாங்க... அக்கா."

படித்துவிட்டு, "என்ன அக்கா? நல்ல விஷயமா?" என்று கேட்டான்.

எனக்குத் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டியது போல் இருந்தது. அந்தக் கம்பெனியில் துணிக் கட்டுகளையும் அட்டைப் பெட்டிகளையும் ஏற்றி இறக்க ஒரு சரக்கு லிப்ட் உண்டு. கதவு கிடையாது, இழுத்து மூடுகிற கம்பிக் கேட்டுத்தான். ஆட்கள் ஏறக் கூடாது என்று சிவப்பு பெயிண்டில் பெரிசாக எழுதியிருக்கும். அதில் ஏறாத ஆளே அந்தக் கம்பெனியில் கிடையாது. கட்டுகளுக்கு நடுவே குந்த வைத்து உட்கார்ந்துகொண்டு போவார்கள். அதில் போகும்போது மெயினை இறக்கிவிட்டார்கள் என்றால்? பத்து நாள் லீவு. ரூமில் அவளோடு தங்கியிருக்கும் பெண்கள் அவள் பஸ் ஏறிவிட்டாள் என்று நினைப்பார்கள். வீட்டில் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள் என்று நினைப்பார்கள். நடு ராத்திரி வரைக்கும் அவளை ஒருத்தரும் தேடப் போவதில்லை.

அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. ஓடினேன். பின்னாலேயே அந்தப் பையனும் ஓடி வந்தான், கையில் பன்னோடு.

வாட்ச்மேன் அறுபது வயதுக்காரர், எங்கள் பக்கத்து ஆள்தான். கேட்டுக்கு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, உள்ள ஒரு புள்ள மாட்டிக்கிச்சு. சீக்கிரம் தொறங்க!"

"உள்ளயா? ஆருமில்லீங்க அம்மிணி. நாந்தான ஒவ்வொரு மாடியா எட்டிப் பாத்துச் சத்தங்குடுத்துப் பூட்டுனது."

"லிப்டுக்குள்ள பாத்தீங்களா?"

அவர் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் அப்படியே என்னைப் பார்த்தார். லிப்டுக்குள் யார் போய்ப் பார்ப்பார்கள்? "மொதலாளியக் கேக்காம தொறந்தா எம்பட வேலை போயிருமுங்க" என்று இழுத்தார். எனக்கு வந்ததே கோபம். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா வேலை மட்டுமாங்ணா போவும்? இப்பத் தொறக்கறீங்களா, நான் கல்லை எடுத்துப் பூட்டை ஒடைக்கட்டுங்களா?" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை, கல்லையும் எடுத்துவிட்டேன்.

சாவிக் கொத்து குலுங்க அவர் எழுந்தார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அவருக்கே பிடிபடாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஷட்டரைத் தூக்கினதும் உள்ளே ஒரே இருட்டு. மாடிப்படிக்குக் கீழேதான் மெயின் போர்டு. லிப்ட் போகும் வழி இன்னும் உள்ளே தள்ளி, துணி ரோல்களுக்குப் பின்னால். பெயர் தெரியாமல், "கண்ணு, கண்ணு" என்று கத்திக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

"மெயினைப் போடுங்ணா! போட்டா லிப்டு தானா வந்துரும்!"

அவரும் சரியென்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மெயின் கைப்பிடியில் கையை வைத்துவிட்டார். அப்போது அந்தப் பையன், அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தவன், பன்னைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நஹீ! நஹீ! போடாதே!"

நான் அவனை அடிக்கவே போய்விட்டேன். ஒரு உயிர் உள்ளே தவிக்கிறது, இவன் குறுக்கே நின்று தடுக்கிறான். அவன் மூச்சு வாங்க, தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிச் சொன்னான். "அக்கா, முதல்ல பாரு. ஆள் எங்கே இருக்கு, பாரு. அப்புறம் கரண்ட். என் பழைய கம்பெனியில் ஒரு ஆள் கை..." என்று சொல்லி, தன் கையைத் தானே பிடித்துக் காட்டினான். வாட்ச்மேன் கையை எடுத்துவிட்டார்.

மூன்று பேரும் படியேறி ஓடினோம். முதல் மாடியில் கம்பிக் கேட்டுக்குள் டார்ச் அடித்தால் காலி. மேலே பார்த்தால் பாதிக்கு லிப்டின் அடித்தட்டு தெரிகிறது. இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. அடுத்த மாடிக்கு எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. என் உடம்புக்கு அத்தனை வேகம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது மாடியில், லிப்ட் வாசலில், தரையோடு தரையாக ஒரு தலை, இரண்டு தோள்கள், ஒரு கை.

லிப்ட் கீழே இறங்கி நின்றதில், மேல் பக்கம் இரண்டடி இடைவெளி மட்டும் இருந்தது. அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே ஏறி, வெளிக் கேட்டைத் தள்ளி, அந்த இடைவெளி வழியாக அவள் தவழ்ந்து வெளியே வரப் பார்த்திருக்கிறாள். துப்பட்டா உள்ளே கம்பியில் சிக்கிக்கொண்டு இழுத்திருக்கிறது. முன்னாலும் வர முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. பாதி உடம்பு தரை மேல், பாதி உடம்பு லிப்டுக்குள். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் வாயை மட்டும் அசைத்தாள்.

வாட்ச்மேன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மெயினைப் போட்டிருந்தால் லிப்ட் நகர்ந்திருக்கும். அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கே புரியும். போடச் சொல்லிக் கத்தியது நான்.

பையன் தரையில் படுத்து, கையை உள்ளே விட்டுத் துப்பட்டாவைக் கிழித்தான். நானும் அவனுமாகத் தோளைப் பிடித்து இழுத்தோம். வெளியே வந்து விழுந்தவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு அழுகை அழுதாள். நானும் அழுதேன். அந்தப் பையன் எழுந்து, உள்ளே கிடந்த அவள் பையை ஒரு கழியால் இழுத்து எடுத்தான். பையைத் திறந்து பார்த்தால், கவரில் அன்றைக்கு வாங்கிய போனஸ் அப்படியே இருக்கிறது. அத்தனை நோட்டு.

கடைக்குக் கூட்டி வந்து, சுண்டிப்போன சுக்குக் காப்பியில் தண்ணீர் விட்டுச் சூடாகக் கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தாள். குரல் கொஞ்சம் வந்தது. மறந்து வைத்துவிட்ட பையை எடுக்க மேலே போனாளாம். வழக்கம்போல லிப்டில் இறங்கினாளாம். பாதியில் மெயின் போய்விட்டது. கத்தியது ஷட்டர் இறக்கும் சத்தத்தில் கீழே கேட்கவில்லையாம்.

"போன் பண்ணலையா கண்ணு?"

"பண்ணேன்க்கா. உள்ள சிக்னல் ஒரு கோடுதான். ரூம் பிள்ளைகளுக்கு அடிச்சா பஸ் எரைச்சல், ஹலோ ஹலோங்காங்க, கட்டாயிருது. சூப்பர்வைசர் எடுக்கல. போலீசுக்கு அடிக்கப் பயம். லிப்டுல ஏறுனது தெரிஞ்சா வேலை போயிரும்லா."

"அதுக்கு எனக்கு எதுக்குச் சாமி காசு அனுப்பினே?"

"உங்க நம்பர் எங்கிட்ட இல்லைல்லா. உங்க கடை அட்டைதான் போன்ல இருந்துச்சு. பேச்சு போகல, ஆனா காசு மட்டும் போச்சுக்கா. காசு வந்தா உங்க பெட்டி கத்தும். மத்தவங்க போன் எல்லாம் பையில கெடக்கும். உங்க பெட்டி கத்துனா நீங்க திரும்பிப் பாக்காம இருக்க மாட்டீங்க. முதல்ல ஒவ்வொரு ரூவாயா போட்டேன். நீங்க வரல. பயலுவ விளையாடுதானுவன்னு நினைச்சிருப்பீங்கன்னு தோணிச்சு. அதான் பத்தொம்பது போட்டேன். பத்தொம்பதுன்னா நான்தான்னு உங்களுக்குத் தெரியும்லா? மூணாவதா போட்டதோட சரி. கணக்குல அப்புறம் நாலு ரூவாதான். அதைப் போடுததுக்குள்ள சார்ஜும் போயிட்டு."

பையில் ஆயிரக்கணக்கில் நோட்டு இருந்தது. அதை வைத்து ஒருவரையும் கூப்பிட முடியவில்லை. போனில் மிச்சமிருந்த சில்லறை கூப்பிட்டிருக்கிறது. அதிலும் முதல் பத்தொன்பது, நான் பெட்டியை அணைத்து வைத்திருந்தபோது வந்தது. பன் தின்ன வந்தவன் பெட்டி பேசினால்தான் ஆச்சு என்று அடம் பிடிக்காமல் இருந்திருந்தால், மற்ற இரண்டும் அப்படியேதான் போயிருக்கும். நான் கடையைச் சாத்திக்கொண்டு சேலை எடுக்கப் போயிருப்பேன்.

மூன்று மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் இடம் இல்லை. "நின்னுட்டே போறேன்க்கா, இன்னிக்கு உக்காந்தது போதும்" என்று சொல்லிவிட்டுத் தேன்மிட்டாய் பாக்கெட்டோடு ஏறினாள். அந்தப் பையன்தான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். தீபாவளிக்கு அவனை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஏழு இட்லி சாப்பிட்டான். லீவு முடிந்து கம்பெனி திறந்ததும் லிப்டுக்குள் ஒரு மணி மாட்டினார்கள். மெயினை இறக்குவதற்கு முன்னால் இப்போது வாட்ச்மேன் லிப்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார், இரண்டு தடவை.

அவளிடம் நான் ஒன்றை மறைத்துவிட்டேன். பெட்டியை நான் அணைத்ததை அன்று சொல்லவில்லை. அவள் ஊரிலிருந்து திரும்பி வந்த முதல் நாள் சாயங்காலம், காப்பி டம்ளரை அவள் கையில் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். "உன்ற ஒரு ரூபாய் எல்லாம் எனக்குக் கேட்டுச்சு கண்ணு. நாந்தான் அந்தச் சத்தத்து நோம்பலம் தாங்காம பெட்டிய அணைச்சுப் போட்டேன்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. டம்ளரை மேஜை மேல் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேட்டுட்டே இருந்தீங்களாக்கா?" என்றாள்.

"ம்."

"நானும் உள்ள இருந்து, அக்காவுக்குக் கேக்கும், அக்காவுக்குக் கேக்கும்னு சொல்லிட்டேதான் இருந்தேன்" என்றாள். காப்பியைக் குடித்து முடித்தாள். என் போனை வாங்கி, தன் நம்பரை அதில் போட்டு, என் நம்பரைத் தன் போனில் போட்டுக்கொண்டாள். பிறகு எப்போதும் போல அட்டையில் காட்டிப் பத்தொன்பது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனாள். காசு வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை.

இந்தப் பிள்ளைகள் ஏன் போனை விடமாட்டேன் என்கிறார்கள் என்று இப்போதும் கடையில் பெரியவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. நான் டீயை ஆற்றி நீட்டிவிடுவேன். அன்றைக்கு ராத்திரியே மகளை உட்கார வைத்து, அந்தக் கணக்கில் வரும் பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். இப்போது இங்கிலீஷில் இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். பெயர் சொல்லிப் பேச்சுக் கொடுப்பதில், இன்னாருக்கு இன்ன ஊர், யாருக்குக் கல்யாணம், யார் நாலு நாளாக வரவில்லை என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. அதுவரை அத்தனை வருடமாக எதிரே வந்து நின்றவர்களிடம் நான் கை நீட்டி வாங்கியது காசை மட்டும்தான், ஒருவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது, ஒரு பெண் தன் போனில் மிச்சமிருந்த காசைப் போட்டு என்னைக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.